குழி வெட்டும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை

(தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற பிள்ளைப் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. அத்தோட்டத்தில் மலசலகூடங்களும் கழிவுநீர்க் குழாய்களும் அமைக்கும் வேலை ஆரம்பமாகவிருந்த வேளையில் இக்கூட்டம் நடைபெற்றது. பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உடுப்பு துவைக்க, விறகு சேர்க்க, கடைக்குப் போக என்று நமக்கு இருக்கிற ஒரே நாள். அதை விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மழையும் தூறுகிறது. அதனால் நான் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

என்னைக் கூப்பிட்டவர்கள் "சுகாதாரம் பற்றிப் பேசுங்க டீச்சர்" என்றார்கள். பிள்ளைக் காம்பிராவில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். கை கழுவுங்க, தண்ணியைக் கொதிக்க வைங்க, பிள்ளைக்குச் செருப்புப் போடுங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். ஆகவே இன்றைக்கு அதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் லயங்களுக்குப் பின்னால் வெட்டப்போகிற கானைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இங்கே மூன்று லயத்துக்கு வீட்டுக்கு ஒரு மலசலகூடம் கட்டப் போகிறார்கள். லயத்துக்குப் பின்னால் கான் வெட்டி, குழாய் பதித்து, எல்லா வீட்டுக் கழிவையும் கீழே ஒரு பெரிய தாங்கியில் சேர்த்து, அங்கிருந்து தண்ணியை மட்டும் ஓர் உறிஞ்சு குழிக்கு விடப் போகிறார்கள். சந்தோசமான விசயம். எத்தனை வருசமாகக் கேட்டோம்! நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் காலையில் இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில் ஐந்தாறு பேரிடம் விசாரித்துப் பார்த்தேன். "குழி எங்க வெட்டப் போறாங்க?" என்று கேட்டால் ஒருவர் கோயிலுக்குக் கீழே என்கிறார், ஒருவர் பழைய மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் என்கிறார். "எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்றால் ஒருவருக்கும் தெரியாது. "காசு கட்டணுமா?" என்றால் ஓர் அம்மா சொல்லுகிறார், செக்ரோலில் மாசா மாசம் வெட்டுவாங்களாம் என்று. யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றார்.

இந்தப் பேச்சை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2019 ஆம் வருசம் நான் குடியிருந்த தோட்டத்திலும் இதே மாதிரி ஒரு வேலை வந்தது. தோட்டத்தின் பெயரும் வேண்டாம், வேலை செய்தவர்களின் பெயரும் வேண்டாம். மே மாதம். காலையில் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், லயத்துக்குப் பின்னால் நெஞ்சளவு ஆழத்துக்குக் கான் வெட்டிக் கிடக்கிறது. பின்னால் என்ன இருந்தது? மரக்கறிப் பாத்தி. லீக்ஸ், போஞ்சி, ஒரு வீட்டில் அடுத்த வாரம் பிடுங்குவதற்கு இருந்த கரட். எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தால் பிடுங்கியிருப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு யாருக்கும் ஒரு சதம் செலவில்லை.

அதே வாரத்தில் பழைய கக்கூசையும் உடைத்துவிட்டார்கள். ஆறு கதவு வைத்த பழைய வரிசை. அதில் இரண்டுக்குக் கதவே கிடையாது, ஒன்று எப்போதும் அடைத்துக் கிடக்கும். இருந்தாலும் அது ஒரு மறைவு. புதிய தாங்கிக்கு அந்த இடம் தேவை என்றார்கள். புதியது எப்போது முடியும் என்று கேட்டால், "கெதியா முடிஞ்சிரும்" என்று பதில். அந்தக் "கெதியா" நாலு மாதம் இழுத்தது. அந்த நாலு மாதமும் பொம்பளைப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து, மழையில், டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தேயிலைக்குள்ளே போனார்கள். அட்டைக் கடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பகலில் வயிறு சரியில்லை என்றால் என்ன செய்வது? ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு படித்தவள், மாதத்தில் அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. தகப்பனுக்கு அது ஏன் என்றே தெரியாது. தாய்க்குத் தெரியும், வெளியில் சொல்லமாட்டாள். பிரசவமாகி இருபது நாளான ஒரு பிள்ளைத்தாச்சியும் அந்த லயத்தில் இருந்தாள். இந்த நாலு மாதத்தைப் பற்றி வேலைத் திட்டக் காகிதத்தில் ஓர் இடத்திலும் ஒரு வரி இல்லை. நான் பிறகு பார்த்தேன்.

யாரிடம் கேட்பது? கொந்தரப்புக்காரர், "எனக்குத் தெரியாது, ஆபீசில கேளுங்க" என்றார். ஆபீசில் கேட்டால், "இது எங்க வேலை இல்ல, திட்டத்துக்காரங்க வேலை" என்றார்கள். திட்டத்து உத்தியோகத்தர் வருவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்? வயசான ஆட்களும் நாயும்தான். அவர் வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போய்விடுவார். "மக்களுக்கு அறிவிக்கப்பட்டது" என்று அதில் எழுதியிருந்ததாம். அறிவித்தது உண்மைதான். ஆபீஸ் வாசலில் இரண்டு பக்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், இங்கிலீசில். இன்னொரு பிரதியைத் தலைவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், மூன்று வாரம் எடுக்கவே இல்லை. கேட்டால், "எனக்கும் வெளங்கல, வெளங்காதத எப்படிப் போய்ச் சொல்றது?" என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? எனக்கும் கோபம் வந்தது, அது வேறு விசயம்.

சரியான செய்தி வராத இடத்தில் வேறு செய்தி வரும். அப்படித்தான் வந்தது. சந்தா கட்டுகிற ஆளுக்குத்தான் கக்கூசு என்று ஒரு கதை. மேல் லயத்துக் கழிவு எல்லாம் கீழ் லயத்து அடுப்படிக்குக் கீழாகத்தான் ஓடப்போகிறது என்று ஒரு கதை. மேல் லயமும் கீழ் லயமும் மாமன் மச்சான் உறவுதான், ஆனால் அந்த ஒரு மாதம் கோயிலில் கூட முகம் பார்க்கவில்லை. இரவில் யாரோ கானுக்குள் கல்லைத் தள்ளி, பதித்த குழாயை உடைத்துவிட்டார்கள். அது பிழை. அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கானில் நிற்கிற மேசன் நம்மைப் போல நாட்கூலிக்கு வந்தவன். குழாய் உடைந்தால் அவனுடைய ஒரு நாள் சம்பளம் போகிறதே தவிர, படம் கீறியவருக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு மழை பிடித்தது. தென்மேற்குப் பருவ மழை மே மாதக் கடைசியில் தொடங்கும் என்பது மஸ்கெலியாவில், நோர்வூட்டில், அட்டனில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூடாத கான் முழுக்கத் தண்ணி. ஒரு நாள் பின்னேரம் எட்டு வயசுப் பையன் ஒருவன் பந்தை எடுக்கப் போய் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். அவனுடைய அத்தை சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கினாள். கை முறிந்ததோடு போயிற்று. அந்தப் பிள்ளை மூன்று வருசம் என் காம்பிராவில் தூங்கிய பிள்ளை. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த நாள் பிள்ளைகளை விட வந்த தாய்மார் ஒருவரும் உடனே மலைக்குப் போகவில்லை. பத்து நிமிசம் நின்றார்கள். சத்தம் போடுவதா, வேலையை நிறுத்துவதா என்று பேச்சு. ஒரு தங்கச்சி, கொழுந்து எடுக்கிற பிள்ளைதான், ஓ.எல். வரை படித்தவள், அவள் சொன்னாள்: "சத்தம் போட்டா, என்னா வேணும்னு கேப்பாங்க. என்னா வேணும்னு நமக்கே தெரியாதே. மொதல்ல எழுதுவோம்." என் மேசையில் இருந்த பால்மா கணக்குக் கொப்பியைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

ஏழு கேள்விதான் வந்தது. எல்லாம் சாதாரணக் கேள்வி. தாங்கியும் உறிஞ்சு குழியும் எந்த இடத்தில்? வேலை எந்தத் திகதியில் முடியும்? அதுவரைக்கும் நாங்க எங்கே போவது? திறந்த கானை யார் மூடுவது? வீட்டுக்குக் காசு உண்டா, இல்லையா? குழி நிறைந்தால் யார் அள்ளுவது? ஏதாவது பிரச்சினை என்றால் நாங்க யாரை, எந்த இலக்கத்தில் கூப்பிடுவது? கீழே நாற்பத்தைந்து பேர் கையெழுத்து வைத்தார்கள். கைநாட்டும் இருந்தது. ஒரு பிரதியை ஆபீசுக்கும், ஒன்றைத் திட்டத்துக்காரருக்கும், ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுத்து, நம் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினோம். அந்தக் கையெழுத்துத்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் கடிதம் வரவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பதிலாகச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள்! ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதினோம். மாற்றினார்கள்.

வந்தவர் இளம் வயசு தொழினுட்ப உத்தியோகத்தர். முதலில் அவருக்கு நல்ல கோபம். "உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்றோம், இதுக்கும் கேள்வி கேட்டா எப்படி?" என்றார். முன்வரிசையில் ஒரு பாட்டி இருந்தார், எழுபத்தைந்து வயசு. "எங்களுக்காகச் செய்றத எங்ககிட்ட சொல்லிட்டுச் செய்ங்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேரனிடம் பேசுகிற மாதிரித்தான். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பையிலிருந்து படத்தை எடுத்து என் காம்பிராத் தரையில் விரித்தார்.

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். லயம் தெரிந்தது, ரோட்டுத் தெரிந்தது. பழைய கவ்வாத்துக்கார மாமா ஒருவர் குனிந்து, விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "இதுல நம்ம பீலி எங்க?"

பீலி இல்லை. படத்தில் பீலியே இல்லை. ஐந்தாம், ஆறாம் லயத்து ஆட்கள் குடிக்கிற ஊற்று அது. கல்லுக்கு நடுவில் மூங்கில் வைத்துத் தண்ணி எடுக்கிற இடம், வெயில் காலத்திலும் வற்றாது. உறிஞ்சு குழிக்கு அடையாளம் போட்டிருந்த இடத்துக்குக் கீழே, முப்பது முப்பத்தைந்து அடியில் இருக்கிறது. அந்தத் தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "இத யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார். அது உண்மை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தோட்டத்திலும் ஊற்று உண்டு. தாங்கியில் கட்டிப் பொருள் கீழே தங்கும். மேலே நிற்கிற தண்ணி உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கும். அந்தத் தண்ணி கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் சுத்தமான தண்ணி இல்லை. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் அதிலிருந்துதான் வரும். மண் அதை வடிகட்டும், ஆனால் அதற்குத் தூரம் வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று பரிசோதகர் ஐயாமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சமதரைக்குச் சொல்லுகிற குறைந்த அளவு. மலைச் சரிவில் தண்ணி கீழ் நோக்கித்தான் ஓடும், பாறை வெடிப்பு இருந்தால் இன்னும் வேகமாக ஓடும். ஆகவே ஊற்றுக்கு மேலே குழி வைப்பதே ஆகாது. ஐம்பது அடி இருக்கிறது என்று சமாதானப்படக் கூடாது.

இன்னொன்று, லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி நிற்கிற மேட்டுக்குள் தண்ணியை இறக்குவதும் யோசிக்க வேண்டிய விசயம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததாகப் பிறகு பேசப்பட்டது. காகிதத்தில் எச்சரிக்கை இருப்பது வேறு, லயத்துக் கதவைத் தட்டிச் சொல்வது வேறு. உங்கள் லயத்துக்கு மேலே மண் வெடிப்பு, புதுசாகத் தண்ணி கசிவு ஏதாவது கண்டிருந்தால், கான் வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் குழியை மற்றப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அதனால் குழாய் நீண்டது, வேலை இன்னும் பிந்தியது. இரண்டு வீட்டுப் பாத்தி புதிதாகப் போனது. அதில் ஒரு வீட்டு அம்மா இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "ஒங்க கேள்வியாலதான் என் கரட் போச்சு" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நட்டத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கானுக்கு மேல் பலகை வைத்தார்கள், தகரத்தால் நாலு தற்காலிகக் கக்கூசு அடித்தார்கள். இதை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம், யாரும் கேட்டிருந்தால்.

கக்கூசு விசயத்தில் நம்மிடம் சொல்லாமல் செய்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1916 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்துக்காரர்கள் கொக்கிப் புழுவை ஒழிக்க என்று இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வெளிக்குப் போன மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக உள்ளே போய், குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சுகிற புழு அது. நம்முடைய பூட்டன் பாட்டிமாருக்கு மருந்தெண்ணெய் கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் கக்கூசு கட்ட வேண்டும் என்றதும் செலவைப் பார்த்துப் பல தோட்டங்கள் பின்வாங்கின. மருந்து குடித்தவர்கள் திரும்பவும் அதே மண்ணில் நடந்தார்கள், புழு திரும்பவும் வந்தது. பிறகு கட்டிய இடங்களிலும் என்ன மாதிரிக் கட்டினார்கள் என்பதைப் பழைய லயங்களில் நாமே பார்த்திருக்கிறோமே. லயத்துக்கு எட்டத்தில், வெளிச்சம் இல்லாமல், தண்ணி இல்லாமல், ஆம்பிளை பொம்பளைக்கு ஒரே வழி. "கட்டிக் குடுத்தாலும் இவங்க பாவிக்க மாட்டாங்க" என்று நம்மைப் பற்றிச் சொல்வார்கள். இருட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளை எப்படி அங்கே போவாள் என்று கட்டுவதற்கு முன் ஒரு தாயிடம் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

சரி, இப்போது உங்கள் வேலைக்கு வருவோம்.

தண்ணியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இப்போது வைக்கிற பீங்கானில் வளைவில் தண்ணி நிற்கும், அதனால்தான் நாற்றம் மேலே வராது. ஒரு தரம் போனால் இரண்டு மூன்று லீற்றர் ஊற்ற வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாசி, பங்குனியில் குழாயில் தண்ணி வராத லயம் எது என்று உங்களுக்குத் தெரியும், படம் கீறுகிறவருக்குத் தெரியாது. தண்ணி வேலையையும் கக்கூசு வேலையையும் இரண்டு வேறு ஆட்கள் செய்தால் ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது, நிறைந்தால் யார் அள்ளுவது என்ற கேள்வி. இதைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். ஆனால் இது கேட்க வேண்டிய கேள்வி. பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்பார்கள். உங்கள் லயத்துக்குப் பவுசர் வருமா? கொழுந்து லொறியே மழைக்கு மேலே ஏறாத ரோட்டு அது. பவுசர் வராவிட்டால் கடைசியில் யாரை இறங்கச் சொல்வார்கள்? வாசல்கூட்டி வீட்டு ஆட்களைத்தானே. அந்த வேலைக்கென்று ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்த காலம் நம்மிடையேயும் இருந்தது, அதை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. திரும்பவும் அப்படி ஆகக் கூடாது என்றால், தாங்கியை ரோட்டுக்கு எட்டுகிற தூரத்தில் வைக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். சில இடங்களில் வீட்டுக்கு இரண்டு குழி வெட்டுகிறார்கள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதுக்கு மாற்றுவார்கள். மூடிய குழியை இரண்டு வருசம் அப்படியே விட்டால் அது நாற்றமில்லாத மண்ணாகிவிடும், பிறகு பயமில்லாமல் எடுக்கலாம். இடமும் மண்ணும் பொருந்தினால் அது நல்ல முறை. உங்கள் இடத்துக்கு எது சரி என்று நான் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் வந்து, காரணத்தோடு உங்களுக்குச் சொல்லவேண்டும்.

கேட்டும் பதில் வராவிட்டால்? அப்போதும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை யாரும் அரச அலுவலகம் ஒன்றிடம் தகவல் கேட்கலாம். "பிரசை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 1948 இல் அது நம்மிடமிருந்து பறிக்கப்பட்டு, கடைசி மிச்சமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் திரும்பி வந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்ததைப் பெட்டிக்குள் வைத்திருந்து என்ன செய்யப் போகிறோம்?

அமைச்சோ, பிரதேச செயலகமோ, பிரதேச சபையோ இந்த வேலைக்குப் பணம் கொடுத்திருந்தால், அங்கே தகவல் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் சொல்லலாம். அதை எழுதிக்கொள்வது அவருடைய கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். இல்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேல் ஆணைக்குழு இருக்கிறது. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பணத்திலோ, ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணத்திலோ ஒரு வேலை செய்தால், அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே விசயத்தை அறிவிப்பது அதற்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை. 9 ஆம் பிரிவு. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதேச சபையும் இனி ஒதுங்க முடியாது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைக் காட்டி, தோட்ட லயங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க வழியில்லை என்று வருசக்கணக்காகச் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே நாம் வாக்குப் போட்ட சபை உறுப்பினரையும் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம். காகிதம் இங்கிலீசிலோ சிங்களத்திலோ மட்டும் வந்தால், தமிழில் தாருங்கள் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். தமிழும் ஆட்சி மொழி என்று 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

சட்டத்தைச் சொன்னேன் என்பதற்காக எடுத்த எடுப்பில் சட்டம் பேசாதீர்கள். அது கடைசியில். முதலில் ஒரு கடிதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வருகிற உத்தியோகத்தருக்கு ஒரு தேத்தண்ணி. பெரும்பாலும் அவர்களும் சொல்லக் கூடாது என்று மறைப்பதில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சங்கச் செயலாளரிடம் காலையில் பேசினேன். இங்கே வேலைப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கியிருக்கிறாராம். அதைச் சட்டைப் பையில் வைக்காமல், நாளைக்கே பிள்ளைக் காம்பிரா சுவரில் ஒட்டுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளையை விட வரும்போது தாய்மார் பாருங்கள். விளங்காவிட்டால் பக்கத்தில் தொங்குகிற கொப்பியில் எழுதுங்கள், எழுதத் தெரியாவிட்டால் அங்கே இருக்கிற டீச்சர் எழுதித் தருவார். அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு உத்தியோகத்தர் வருகிறார். அதற்கு முன்னால், காலையிலேயே, வயசான ஆட்கள் இரண்டு மூன்று பேர் என்னோடு கீழே இறங்கி வரவேண்டும். பழைய பீலி, மூடிப்போன கிணறு, மழைக்கு மட்டும் ஊறுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தடியை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவோம். துணி நான் கொண்டு வருகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே கையைத் தூக்கினால் பெயரை எழுதிக்கொள்கிறேன்.